மூச்சைப் பிடித்து எழுதியவர்

சடுகுடு ஆடினவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். எதிர்ப்பக்கம் புகுந்து, பாட்டு விடாமல் இரண்டு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது, கோட்டுக்கு இரண்டே முழம் இருக்கையில், நெஞ்சு ‘விட்டுவிடு, விட்டுவிடு’ என்று கெஞ்சும். அந்த ஒரு கணத்தில் பாட்டை நிறுத்தாதவன்தான் ஆட்டக்காரன். சிறு வயதில் எங்கள் ஊர் ஆற்று மணலில் அந்தக் கணத்தில் பல தடவை தோற்றவன் நான். உடம்பில் பிராணவாயு தீர்ந்துபோவதால்தான் மூச்சு முட்டுகிறது என்று அப்போது நினைத்திருந்தேன்; பெரியவனான பிறகும் வெகு நாள் அப்படியே நினைத்திருந்தேன்.

அது தப்பு. நம்மை மூச்சு விடச் சொல்லி அடம் பிடிப்பது பிராணவாயுவின் குறைவு அல்ல, கரியமிலவாயுவின் மிகுதி. ரத்தத்தில் அது கொஞ்சம் ஏறினாலும் போதும், மூளை உடனே மணி அடித்துவிடுகிறது. இதை 1905-ல் பரிசோதனை செய்து நிலைநாட்டியவர் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற பிரிட்டிஷ் உடலியல் விஞ்ஞானி. உடன் உழைத்தவர் பிரீஸ்ட்லி. சுரங்கங்களில் விஷவாயு இருக்கிறதா என்று பார்க்கக் கூண்டில் கானரிக் குருவியைக் கொண்டுபோகும் ஏற்பாடு வந்ததும் இந்த மூத்த ஹால்டேனின் யோசனையால்தான். பிரிட்டிஷ் சுரங்கங்களில் அந்தக் குருவிகளுக்கு 1986-ல்தான் ஓய்வு கொடுத்தார்கள்.

ஆனால் நான் இங்கே சொல்ல வந்தது தகப்பனாரைப் பற்றி அல்ல, பிள்ளையைப் பற்றி. ஜே. பி. எஸ். ஹால்டேன் 1892-ஆம் ஆண்டு நவம்பர் 5-ஆம் தேதி ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்தவர். தகப்பனாருக்குக் குருவி கிடைக்காத இடத்திலெல்லாம் இந்தப் பையன் கிடைத்தான் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஒரு தடவை சுரங்கத்துக்குள் கூட்டிப்போய், கூரை தாழ்ந்த ஓரிடத்தில் நிற்கவைத்து, ஷேக்ஸ்பியர் நாடகத்தில் மார்க் ஆண்டனி பேசும் பிரசங்கத்தை ஒப்பிக்கச் சொன்னார் தகப்பனார். பையன் உற்சாகமாக ஆரம்பித்தான். சற்று நேரத்தில் இரைப்பு வந்தது, கால் துவண்டது, தரையில் விழுந்தான். விழுந்த இடத்தில் மூச்சு நன்றாக வந்தது! சுரங்கத்தில் ஊறும் மீத்தேன் வாயு காற்றைவிட லேசானது, கூரையை ஒட்டித் தங்கும், தரையோரத்தில் இராது. புத்தகத்தில் இரண்டு வரியில் முடிகிற பாடத்தை அந்தப் பையன் ஆயுளுக்கும் மறக்க முடியாதபடி படித்துக்கொண்டான்.

அன்றைக்கு ஆரம்பித்த பழக்கம் கடைசிவரை போகவில்லை. ‘இது உண்மையா?’ என்ற கேள்வி வந்தால் ஹால்டேன் முதலில் தேடியது தம் உடம்பைத்தான். 1915-ல், பெல்ஜியத்தில் ஜெர்மானியர் குளோரின் புகையை விட்டபோது, எந்த முகமூடி அதைத் தாங்கும் என்று பார்க்கத் தகப்பனாரோடு புகை அறைக்குள் போய் உட்கார்ந்தார். பிற்பாடு ரத்தத்தில் அமிலம் ஏறினால் என்ன ஆகும் என்று அறிய நவச்சாரத்தைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, நாள் கணக்கில் மேல்மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தார். கைக்குழந்தைகளுக்கு வரும் ஒருவகை இசிவுக்குச் சிகிச்சை செய்ய அந்த முடிவு உதவியது.

இத்தனைக்கும் அவர் கல்லூரியில் முடித்த படிப்பு கிரேக்கம், லத்தீன், தத்துவம் இவைதாம். விஞ்ஞானத்தில் பட்டம் வாங்காதவர். இது எனக்குப் பிடித்த செய்தி. விஞ்ஞானத்தை முறையாகப் படிக்காதவன் அதைப் பற்றி வாயைத் திறக்கலாமா என்று கேட்கிறவர்களிடம் சொல்லிக்கொள்ள எனக்கும் ஒரு பெரிய மனிதர் வேண்டாமா?

ஆனால் பட்டமில்லாத அந்த மனிதர் செய்த காரியம் சாதாரணமானதல்ல. மான்செஸ்டர் பக்கத்தில் வெளிர்நிறமான ஒரு விட்டில் பூச்சி இருந்தது. ஆலைப் புகையால் மரங்கள் கரி பிடித்தபோது, அதே இனத்தில் கறுப்பு நிறமானவை பெருகின. 1848-ல் அங்கே அபூர்வமாகக் கண்ணில் பட்ட கறுப்புப் பூச்சி, நூற்றாண்டு முடிவதற்குள் அந்த வட்டாரத்தையே பிடித்துக்கொண்டது. கரி படிந்த மரத்தில் வெளிர்ப்பூச்சி பறவையின் கண்ணுக்குத் தப்பாது. கறுப்புப் பூச்சி தப்பிவிடும். இது எல்லாருக்கும் புரியும். ‘எவ்வளவு?’ என்று கேட்டவர் ஹால்டேன். இத்தனை வருஷத்தில் இத்தனை பெருக்கம் என்றால், வெளிர்ப்பூச்சிக்கு இரண்டு குஞ்சு தங்கும்போது கறுப்புக்கு ஏறக்குறைய மூன்று தங்கியிருக்க வேண்டும் என்று 1924-ல் கணக்குப் போட்டுக் காட்டினார். டார்வினின் பரிணாமத்தையும் மெண்டலின் மரபு விதிகளையும் கணிதத்தால் முடிச்சுப் போட்ட மூவரில் அவர் ஒருவர்; மற்ற இருவர் ஃபிஷரும் ரைட்டும்.

இப்படிப்பட்டவர் 1937-ன் கடைசியிலிருந்து 1950 வரையில், ‘டெய்லி வொர்க்கர்’ என்ற கம்யூனிஸ்ட் தினசரியில் வாரந்தோறும் விஞ்ஞானக் கட்டுரை எழுதினார். முந்நூறுக்கும் மேற்பட்ட கட்டுரைகள். வாசகர்கள் யார்? சுரங்கத் தொழிலாளி, துறைமுகத் தொழிலாளி, பட்டறைக்காரன். அவர்களுக்காகத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி எழுதவில்லை அவர். வாசகனுக்குத் தெரிந்த ஒன்றிலிருந்து ஆரம்பி, தெரியாததற்குக் கூட்டிக்கொண்டு போ, வாக்கியத்தைச் சின்னதாக வை என்பதுதான் அவருடைய முறை. வாராவாரம் எழுதிப் பிழைக்கிற எனக்கு இந்த இடத்தில் அவர்மேல் பொறாமைகூட உண்டு. வாரம் ஒரு விஷயம் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது எழுதுகிறவனுக்குத்தான் தெரியும். அவருக்கோ உலகமே விஷயமாக இருந்தது. எங்கே தொட்டாலும் விஞ்ஞானம், விஞ்ஞானத்தைத் தொட்டால் அரசியல்.

அப்படித் தொட்டதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 1939-ஆம் ஆண்டு ஜூன் 1-ஆம் தேதி, லிவர்பூலுக்கு அப்பால் கடலில், ‘தெட்டிஸ்’ என்ற புது நீர்மூழ்கிக் கப்பல் வெள்ளோட்டத்தில் மூழ்கிவிட்டது. குழாய் ஒன்றில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க வைத்திருந்த சின்னத் துவாரத்தைப் பெயிண்ட் அடைத்துக்கொண்டிருந்தது. தண்ணீர் இல்லை என்று நம்பிக் கதவைத் திறந்தார்கள். கடல் உள்ளே வந்துவிட்டது. கப்பலின் வால்பக்கம் வெளியே தெரிந்துகொண்டிருந்தும் உள்ளே இருந்த 103 பேரில் 4 பேர்தான் தப்பினார்கள். செத்த 99 பேரில் பலர் கடற்படை ஆட்கள் அல்ல; கப்பல் கட்டின தொழிலாளிகள்.

தொழிற்சங்கங்கள் ஹால்டேனிடம் வந்தன. அவர் என்ன செய்தார்? ஸ்பெயின் யுத்தத்தில் சண்டை போட்டுத் திரும்பியிருந்த நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு, காற்றுப் புகாத இரும்பு அறை ஒன்றில் தம்மை அடைத்துக்கொண்டு மணிக்கணக்காக உட்கார்ந்துவிட்டார். வழக்கமாக இருப்பதைப்போல் இரண்டு மடங்கு பேர் ஏறியிருந்த கப்பலில், அவர்கள் விட்ட மூச்சே அவர்களுக்கு எமனாயிற்று என்பதை உடம்பால் அறிந்து சொன்னார். வெளிக்காற்றில் பத்தாயிரத்தில் நாலு பங்குகூட இல்லாதிருந்த கரியமிலவாயு, நாம் விடும் மூச்சில் நூற்றில் நாலு பங்கு இருக்கிறது. மூடின அறையில் அது ஏற ஏறத் தலை இடிக்கிறது, இரைக்கிறது, பிறகு புத்தி மழுங்குகிறது. தப்பும் சாதனம் கையில் இருந்தாலும் உபயோகிக்கிற தெம்பு போய்விடுகிறது. சடுகுடுவில் என் நெஞ்சு கெஞ்சியதும், அந்த இரும்புப் பெட்டிக்குள் அவர்கள் நெஞ்சு கெஞ்சியதும் ஒரே வாயுவினால்தான். எனக்குக் கோடு இரண்டு முழத்தில் இருந்தது. அவர்களுக்குக் கோடே இல்லை.

யுத்தத்தின்போது கடற்படைக்காக இந்தப் பரிசோதனைகள் தொடர்ந்தன. அழுத்தத்தில் பிராணவாயுவைச் சுவாசித்தபோது வலிப்பு வந்து, ஹால்டேனின் முதுகெலும்புக் கணுக்கள் நசுங்கிவிட்டன.

ஸ்பெயினில் ஜனங்களின் தலையில் குண்டு விழுவதைப் பார்த்துவிட்டு வந்து, 1938-ல் குண்டு வீச்சிலிருந்து தப்புவது பற்றி ஒரு புத்தகமே எழுதினார். பூமிக்கடியில் ஆழமான சுரங்கங்கள் வெட்டுங்கள் என்பது அவர் கட்சி. சர்க்கார் ஒப்பவில்லை; கொல்லையில் குழி தோண்டித் தகரம் கவிழ்த்துக்கொள்ளும் சிறு காப்பிடங்களைக் கொடுத்தது. 1940-ல் லண்டனில் குண்டு மழை பெய்தபோது ஜனங்கள் யாரையும் கேட்கவில்லை. பாதாள ரயில் நிலையங்களுக்குள் போய்ப் படுத்துக்கொண்டார்கள். சர்க்கார் முதலில் தடுத்துப் பார்த்துப் பிறகு விட்டுக்கொடுத்தது. 1941 ஜனவரியில் ‘டெய்லி வொர்க்கர்’ பத்திரிகையையே தடை செய்தது. 1942 செப்டம்பரில்தான் தடை நீங்கிற்று. அந்த 1942-லேயே ஹால்டேன் கட்சியில் வெளிப்படையாகச் சேர்ந்தார்.

இதுவரையில் நான் சொன்னது, கைதட்டிக் கேட்க வேண்டிய கதை. இனிச் சொல்வது அப்படி அல்ல.

ருஷ்யாவில் நிக்கொலாய் வாவிலோவ் என்ற தாவர விஞ்ஞானி இருந்தார். உலகமெங்கும் நடந்து பயிர்களின் விதைகளைச் சேர்த்தவர். பஞ்சம் வராத பயிர்களை உண்டாக்கவேண்டும் என்பது அவர் ஆசை. 1928-ல் ஹால்டேனைத் தம் தேசத்துக்கு அழைத்து உபசரித்தவரும் அவரே. அதே தேசத்தில் லைசென்கோ என்று இன்னொருவர் கிளம்பினார். பயிரைப் பழக்கினால் பழக்கம் சந்ததிக்கு இறங்கும், மெண்டலின் மரபு விதிகள் முதலாளித்துவப் புளுகு என்றார் அவர். ஸ்டாலினுக்கு அது பிடித்திருந்தது. வாவிலோவ் 1940-ல் கைதானார். 1943 ஜனவரியில் சரதோவ் சிறையில் பட்டினியால் நலிந்து இறந்தார். உலகத்தின் பசி தீர விதை சேர்த்தவர் பசியால் போனார். 1948 ஆகஸ்டில் லைசென்கோவின் கொள்கையே கட்சியின் கொள்கை என்று மாஸ்கோவில் பிரகடனமாயிற்று. மரபியல் கூடங்களை மூடினார்கள்; ஆசிரியர்களை விலக்கினார்கள்.

அந்த வருஷம் நவம்பரில் பி.பி.சி. வானொலி நான்கு பிரிட்டிஷ் விஞ்ஞானிகளை அழைத்து இதைப் பற்றிப் பேசச் சொன்னது. மூன்று பேர் தெளிவாகக் கண்டித்தார்கள். நான்காமவர் ஹால்டேன். உலகத்தில் யாருக்கும் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரியும், லைசென்கோ சொல்வது நிற்காது என்று. விட்டில் பூச்சியின் கணக்கைப் போட்டவர் அல்லவா? ஆனால் அவர் சில விஷயங்களில் லைசென்கோவை ஒப்பினார், சிலவற்றில் ஒப்பவில்லை. முழு ருஷ்ய விவரம் வரட்டும், பார்க்கலாம் என்கிற பாணி. நாலு தேசத்துச் சர்க்காரைப் பயமில்லாமல் திட்டினவரின் குரல் அங்கே பம்மிற்று.

பலரும் இதைப் படித்துவிட்டு ‘பார்த்தீர்களா, எல்லா அரசியல்வாதியும் இப்படித்தான்’ என்று முடித்துவிடுகிறார்கள். என்னால் அப்படி முடிக்க முடியவில்லை. காரணம் சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன்பு, நான் சேர்ந்திருந்த ஓர் எழுத்தாளர் கூட்டத்தில் ஒரு தப்புக் காரியம் நடந்தது. தப்பு என்று எனக்குத் தெரியும். ஒரு பத்திரிகை என் அபிப்பிராயத்தைக் கேட்டது. நான் எழுதிக் கொடுத்ததை இப்போது எடுத்துப் பார்த்தால் காது மடல் சுடுகிறது. ‘ஒரு வகையில் பார்த்தால்’ என்று தொடங்கி ‘இன்னொரு வகையில் பார்த்தால்’ என்று முடித்திருந்தேன். பயத்தால் செய்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. அவர்கள் என்னவர்கள். எதிர்க்கட்சிக்காரன் கைதட்டுவானே என்கிற எண்ணம். அவ்வளவுதான். ஹால்டேனுக்கும் அந்த எண்ணம்தான் இருந்திருக்க வேண்டும். ஸ்பெயினில் குண்டு போட்டவர்களை எதிர்த்து நின்ற தோழர்களும் ஹிட்லரை முறித்த தேசமும் அவருக்குத் தம்மவர்களாக இருந்தார்கள்.

விஷவாயுவைச் சோதிக்கத் தம் நெஞ்சைக் கொடுத்தவர், தம் நம்பிக்கையைச் சோதிக்கத் தயங்கினார். முன்னது வலி, பின்னது தனிமை. மனிதன் வலியைத் தாங்குகிற அளவுக்குத் தனிமையைத் தாங்குவதில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஆனாலும் அந்தப் பம்மலில் அவரால் வெகு நாள் இருக்க முடியவில்லை. 1950 வாக்கில் வாரக் கட்டுரை நின்றது. கட்சியிலிருந்து ஓசைப்படாமல் விலகிவிட்டார். வாவிலோவுக்காக உரக்கப் பேசியிருக்கலாம்; பேசவில்லை. அந்தக் கணக்கு அவர் பேரில் பாக்கியாகவே இருக்கிறது.

1957-ல், அறுபத்துநாலாவது வயதில், மனைவி ஹெலன் ஸ்பர்வேயோடு இந்தியாவுக்கே வந்துவிட்டார். சூயஸ் கால்வாய் விவகாரத்தில் பிரிட்டன் எகிப்தின்மேல் படையெடுத்தது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. அறுபது வருஷம் காலுறை போட்டாயிற்று, போதும் என்பது அவர் சிரித்துக்கொண்டே சொன்ன காரணம். ஜிப்பாவுக்கு மாறினார், மாமிசத்தை விட்டார், பிற்பாடு இந்தியக் குடிமகனாகவும் ஆனார். மகலநோபிஸ் நடத்திவந்த கல்கத்தாப் புள்ளியியல் கழகத்தில் உத்தியோகம். எழுத்தை மட்டும் விடவில்லை; நம் சென்னை ‘ஹிந்து’ பத்திரிகையில் அவர் கட்டுரைகள் வந்தன.

கருவிகள் இல்லையே, பணம் இல்லையே என்று முணுமுணுத்த நம் இளைஞர்களுக்கு அவர் சொன்னது ஒன்றுதான்: கண் இருக்கிறது, பென்சில் இருக்கிறது, எண்ணு. அவரோடு இருந்தவர்களில் டி. ஏ. டேவிஸ் என்பவர் தென்னை மரங்களை எண்ணினார். தென்னையின் மட்டைகள் சிலதில் இடப்பக்கமாகச் சுற்றி ஏறுகின்றன, சிலதில் வலப்பக்கமாக. இடம்புரி, வலம்புரி என்று சங்குக்குச் சொல்கிறோமே, அதுபோல. தாய் மரம் எதுவானாலும் கன்றுகளில் ஏறக்குறையப் பாதிக்குப் பாதிதான் வருகிறது. அது மரபில் இறங்குவதில்லை. ஆனால் இடம்புரி மரம் சற்று அதிகமாகக் காய்க்கிறது என்று டேவிஸ் கண்டார். தலைமுறை தலைமுறையாகத் தென்னையடியில் படுத்திருந்த நாம் ஒருநாளாவது நிமிர்ந்து எண்ணினோமா? இதைப் படித்த அன்று எங்கள் கொல்லையில் இருக்கிற ஐந்து மரங்களையும் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன். மூன்று இடம்புரி, இரண்டு வலம்புரி. வீட்டிலே எனக்கு என்னமோ ஆகிவிட்டது என்று பயந்துவிட்டார்கள்.

1961 ஜனவரியில் கல்கத்தாவில் ஒரு சம்பவம் நடந்தது. அமெரிக்காவில் விஞ்ஞானப் போட்டியில் ஜெயித்த இளம் மாணவர் இருவர் வந்திருந்தார்கள். ஹால்டேன் அவர்களை விருந்துக்கு அழைத்தார். பழைய கம்யூனிஸ்டின் வீட்டு விருந்து என்று நினைத்தார்களோ என்னவோ, அமெரிக்கத் தகவல் நிலையத்தார் பிள்ளைகளை வரவிடவில்லை. ஹால்டேன் உண்ணாவிரதம் உட்கார்ந்துவிட்டார். சிரித்தவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு பிள்ளைகள் ஒரு கிழவரோடு உட்கார்ந்து பூச்சியையும் பூவையும் பற்றிப் பேசுவதில் எந்தக் கட்சிக்கு என்ன குடி முழுகிவிடும்? 1948-ல் வாவிலோவுக்காக இருக்கத் தவறிய பட்டினியை, பதின்மூன்று வருஷம் கழித்து இரண்டு பிள்ளைகளுக்காக இருந்தாரோ என்று நினைத்துக்கொள்கிறேன். இது கதைக்காரனின் நினைப்பு, சரித்திரக்காரர்கள் மன்னிப்பார்களாக.

கல்கத்தாவிலும் அவர் தங்கவில்லை. கழகத்தாரோடு மனம் ஒப்பாமல் அதே வருஷம் விலகினார். 1962-ல் ஒரிஸ்ஸா சர்க்கார் அழைத்து, புவனேசுவரத்தில் மரபியல் கூடம் அமைத்துக் கொடுத்தது. அடுத்த வருஷமே குடலில் புற்றுநோய். லண்டனில் ஆபரேஷன் செய்துகொண்டு படுத்திருந்தபோது, அதையும் ஒரு விஷயமாக்கிப் பாட்டு எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டார். வேடிக்கைப் பாட்டுதான், ஆனால் அறிகுறி தெரிந்தால் மறைக்காதே, சீக்கிரம் வைத்தியரிடம் போ என்பது அதன் உட்கருத்து. புற்றுநோய் என்ற பெயரையே கிசுகிசுத்த காலம் அது.

1964 டிசம்பர் 1-ஆம் தேதி புவனேசுவரத்தில் காலமானார். லைசென்கோ தம் பதவியை இழந்தது அடுத்த வருஷம். ஹால்டேனுக்குச் சமாதி கிடையாது. தம் உடலைக் காக்கிநாடாவில் இருக்கும் ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு எழுதி வைத்திருந்தார். சுரங்கத்தில் மார்க் ஆண்டனியை ஒப்பித்து விழுந்த உடம்பு, கோதாவரிக் கரைப் பிள்ளைகள் படிக்கிற பாடமாக முடிந்தது.

என் மேஜையில், அந்தப் பழைய பத்திரிகைக்கு நான் எழுதிக் கொடுத்த நாலு பாராவின் நகல் இருக்கிறது. ‘ஒரு வகையில் பார்த்தால்’ என்று ஆரம்பிக்கிறதே, அதுதான். கிழித்துப் போட்டுவிடலாம் என்று பலமுறை எடுத்திருக்கிறேன். இப்போது கிழிப்பதாக இல்லை. அடுத்த வாரக் கட்டுரை எழுத உட்காரும்போது கண்ணுக்கு நேரே கிடக்கட்டும்.